புதுப்பிப்பு: மாகாளிக் கிழங்கு ஹெர்பேரியம் பதிவுகள், தருமபுரி–கிருஷ்ணகிரி

நம்ம பக்கத்து மாகாளிக் கிழங்குக்குப் பழைய ஹெர்பேரியம் தாள்கள் (உலர்த்திய செடியை ஒட்டி, சேகரித்த இடத்தைச் சீட்டில் எழுதி வைத்திருக்கும் தாள்கள்) ஏன் தேடினால் கிடைப்பதில்லை என்று போன பதிவில் கேட்டிருந்தேன். விடை மாவட்ட வரலாற்றில் இருக்கிறது.

தருமபுரி, சேலத்திலிருந்து பிரிந்தது 1965இல். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். ஆக, இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கும் தேன்கனிக்கோட்டைக் காட்டில் 1930இல் சேகரித்த செடியின் சீட்டில் 'சேலம்' என்றும், 1980இல் சேகரித்ததில் 'தருமபுரி' என்றும்தான் இருக்கும். இரண்டையும் தேடுங்கள். இன்னொன்று: மாகாளிக் கிழங்கை (அறிவியல் பெயர் டெகாலெபிஸ் ஹாமில்டோனி) இப்போது அப்போசைனேசி குடும்பத்தில் வைக்கிறார்கள், பழைய அடுக்குகளில் அது அஸ்க்லெபியடேசி அல்லது பெரிப்ளோகேசியில் கிடக்கும். கோவை மெட்ராஸ் ஹெர்பேரியம், திருச்சி ராபினாட் ஹெர்பேரியம் இரண்டிலும் கேட்கும்போது இதைச் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் வேலை சுலபம்.

இந்தத் தாள்கள் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? ஊறுகாய்க்காகக் கிழங்கைத் தோண்டினால் கொடியே போய்விடுகிறது. முன்பு எந்தக் குன்றில் இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

சித்தேரி, மேலகிரி பக்கம் போகிறவர்கள் இலை, பூ, ஜோடிக் காய் படம் போடுங்கள். கிழங்கைத் தோண்ட வேண்டாம். கிராமத்தின் பெயரை மட்டும் பொதுவில் எழுதாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.