1974 ரயில்வே ஸ்டிரைக்: அரசரடி காலனிக்காரங்க யாராவது இருக்கீங்களா?

மதுரை சொந்தங்களுக்கு வணக்கம். 1974 மே 8 தொடங்கி 27 வரை நடந்த ரயில்வே ஸ்டிரைக்கில் கலந்துக்கிட்டவங்க, அவங்க பிள்ளைங்க யாராவது இந்தக் குழுவில் இருக்கீங்களா?

எங்க தாத்தா லோகோ ஷெட்டில் ஃபயர்மேன், அதாவது நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுறவர். போனஸ், எட்டு மணி நேர டூட்டிங்கிற கோரிக்கைங்க, ஸ்டிரைக்குக்குத் தலைமை தாங்கின ஜார்ஜ் பெர்னாண்டஸ் கைது இதெல்லாம் புத்தகத்திலேயே கிடைக்குது. எனக்கு வேண்டியது வீட்டுக் கதை. ராத்திரி போலீஸ் வருதுன்னு தாத்தா கொல்லைச் சுவரேறிக் குதிச்சதை, ஒத்தைச் செருப்பு இந்தப் பக்கமே கிடந்ததை அப்பத்தா ஆயிரம் தடவை சொல்லியிருக்கும். யார் வீட்டில் ஒளிஞ்சாருன்னு கேட்டா மட்டும் சிரிச்சே மழுப்பிடும்!

அரசரடி ரயில்வே காலனியில் அப்ப குடியிருந்தவங்க, ஒரு பழைய நோட்டீஸோ போட்டோவோ இருந்தாக்கூடச் சொல்லுங்க. நேரில் வந்து ரெக்கார்ட் பண்ணிக்கிறேன். அப்பத்தாவுக்கு 88 ஆச்சு, கொஞ்சம் சீக்கிரம்னா நல்லது.