கலைச்சொல் விவாதம்: புனைபழம்பொருள், நாட்படுத்தல், முன்கதை

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். புது மரத்தையும் பழைய தகரத்தையும் காகிதத்தையும் துணியையும் ஒன்று சேர்த்து, நூறாண்டு கண்ட சாமானைப் போலத் தேய்த்துக் கறையேற்றி, "இது இன்னாரிடம் இருந்தது, இன்ன கப்பலில் வந்தது" என்று கதையும் கட்டி வைக்கிற கைவினைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற கேள்விக்கு இதுவரை வந்த பரிந்துரைகள் அனைத்தையும் படித்தேன். காரைக்குடியில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்து வருகிறவன் என்ற முறையில் என் பரிந்துரையைச் சற்று விரிவாகவே வைக்கிறேன்.

முதலில், ஏற்க இயலாதவை. "துயருற்ற கலப்பு ஊடக விந்தை" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். "டிஸ்ட்ரெஸ்டு மிக்ஸ்டு மீடியா" என்று தொடங்கும் ஆங்கிலத் தொடரின் ஒவ்வொரு துண்டுக்கும் அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டியதால் வந்தது இது. தமிழ் மட்டும் படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. "பல்லூடகம்" கணினித் துறையில் ஏற்கெனவே குடியேறிவிட்டது. ஊடகம் என்றால் இன்று பத்திரிகையும் தொலைக்காட்சியும்தான் மனத்தில் எழுகின்றன. இந்தக் கைவினையில் ஒன்று சேர்பவை மரம், உலோகம், தாள், அரக்கு ஆகிய பொருள்கள். அந்தக் கூறுக்குத் தனிப்பெயர் தேவைப்படும் இடத்தில் "பல்பொருட் சேர்மானம்" என்று எழுதலாம். சேர்மானம் சித்த மருந்துக்காரர்களிடம் வழங்கும் நல்ல சொல். ஆனால் தலைப்புச் சொல்லுக்குள் அதையும் திணிக்க வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் வேறொன்றிலிருந்து பிரித்துக் காட்டினால் கலைச்சொல்லின் வேலை முடிந்தது. வரையறை முழுவதையும் அது தலையில் சுமக்க வேண்டாம்.

"விந்தைப்பொருள்" நல்ல சொல். ஆனால் அதை வேறு இடத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் செல்வர்களும் அறிஞர்களும் சங்கு, எலும்பு, கனிமம், தொலைதேசத்து ஆயுதம் என்று அறை நிறையச் சேர்த்து வைத்தார்கள். கோபன்ஹேகனில் ஓலே வோர்ம் என்ற மருத்துவர் சேர்த்தவற்றின் விவரப்பட்டியல் 1655-இல் அச்சானது. ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று ஊரெல்லாம் நம்பியது நார்வால் திமிங்கிலத்தின் தந்தமே என்று எடுத்துக்காட்டியவரும் அவர்தான். அங்கே அடுக்கியிருந்தவை கிடைத்த பொருள்கள். நாம் பேசுவது செய்த பொருளைப் பற்றி.

"போலிப் பழம்பொருள்" என்ற பரிந்துரைக்குத்தான் நான் அழுத்தமாக மறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிபட்ட வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், எனாமல் பூசிய மங்குச் சாமான்கள், அரக்குப் பூசிய பர்மாக் கூடைகள், ரவிவர்மா அச்சுப் படங்கள் எல்லாம் அங்கே வந்து சேர்கின்றன. சென்ற மாதம் செய்த பெட்டியை ஒருவர் "பாட்டையா காலத்துப் பெட்டி" என்று சொல்லி விற்றால் அது போலி. அதே பெட்டியின் அடியில் செய்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதி, உள்ளே இல்லாத ஒரு மனிதரின் கதையை வைத்து விற்றால் அது படைப்பு. நியூயார்க்கில் 1842-இல் பார்னம் என்ற காட்சி வணிகர் காட்சிக்கு வைத்த "ஃபீஜித் தீவுக் கடற்கன்னி" குரங்கின் மேலுடலை மீனின் வாலோடு இணைத்தது. மெய்யான உயிர் என்று சொல்லிக் காசு வாங்கினார்கள். அதைப் போலி என்று சொல்வது பொருத்தம். அமெரிக்கக் கலைஞர் ஜோசஃப் கார்னெல் (1903–1972) கண்ணாடி முகப்பிட்ட சிறு பெட்டிகளுக்குள் வரைபடத் துண்டு, களிமண் புகைக்குழாய், கோலிக்குண்டு, கிளிப்படம் ஆகியவற்றை அடுக்கி வைத்தார், யாரையும் ஏமாற்றவில்லை. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்க நேர்ந்தால் நேர்மையாகச் செய்கிறவர்களுக்கு அது பெரும் அநீதி.

ஆகவே நான் முன்வைப்பது "புனைபழம்பொருள்". புனைதல் என்ற வினை தமிழில் இரண்டு வேலையையும் ஒருசேரச் செய்கிறது. கையால் அழகுபடச் செய்வதும் புனைதல்தான். திருமுருகாற்றுப்படையில் "கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பு" என்று வருகிறது. கதை கட்டுவதும் புனைதல்தான். புனைகதை, புனைபெயர் என்று அன்றாடம் எழுதுகிறோம். கையும் கற்பனையும் ஒன்றாக உழைக்கிற இந்தக் கைவினைக்கு இதைவிடப் பொருத்தமான வேர் எனக்குத் தெரியவில்லை. இலக்கணத்தாலும் சிக்கல் இல்லை. வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லெழுத்து மிகாது; "புனைப்பழம்பொருள்" என்று எழுதிவிடக் கூடாது. வினைத்தொகை மூன்று காலத்துக்கும் பொருந்துவது இங்கே கூடுதல் நன்மை: புனைந்த பொருள், புனைகின்ற பொருள், இனி வாங்குகிறவர் தம் பங்குக்கு ஒரு சீட்டு எழுதி உள்ளே வைத்துப் புனையப்போகும் பொருள். நீளமான சொல் என்று சிலர் சொல்லக்கூடும். "புனைபொருள்" என்று குறுக்கினால் நாற்காலியும் நகையும் அதற்குள் வந்துவிடும். பழம் என்ற அசை அங்கே இருந்தே ஆக வேண்டும்.

அடுத்தது, பழசாக்கும் செயலுக்கான பெயர். ஆங்கிலத்தில் டிஸ்ட்ரெஸ்ஸிங் என்று சொல்வதற்கு "சிதைத்தல்", "பழமையூட்டல்", "மூப்பேற்றல்" ஆகிய மூன்றும் வந்திருக்கின்றன. சிதைத்தல் கட்டாயம் வேண்டாம். இங்கே எதுவும் சிதைவதில்லை. என் பரிந்துரை "நாட்படுத்தல்". சங்கப் பாட்டில் நாட்படு தேறல், அதாவது பல நாள் வைத்து முதிர்ந்த கள், இருக்கிறது, மருத்துவத்தில் நாட்பட்ட நோய் இருக்கிறது. தானாக ஆவது நாட்படுதல், நாமாகச் செய்வது நாட்படுத்தல். நாட்படுத்திய மரம், நாட்படுத்தும் கரைசல், நாட்படுத்தாத பித்தளை என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைந்து கொடுக்கிறது. "நாள்" உள்ளே இருப்பது எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது. கண்டபடி அடித்துக் கீறுவதை இந்த வேலை ஏற்காது. ஒவ்வொரு நாளும் அந்தப் பொருளின்மேல் எந்தக் கை எங்கே பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்த்துச் செய்ய வேண்டும்.

இதைச் சற்று விளக்குகிறேன். இப்போது என் பட்டறையில் இருப்பது சாய்வு மூடி வைத்த ஒரு கணக்குப்பெட்டி. பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து கணக்கெழுதியவரின் வலது முன்கை அந்தச் சாய்வின் கீழ்ப்பாதியில், வலப்பக்கமாகப் பட்டுக்கொண்டே இருக்கும். அங்கே மரம் வழவழப்பாகி நிறம் வெளுக்க வேண்டும். மூடியைத் தூக்கும் கட்டைவிரல் படும் விளிம்பு மழுங்க வேண்டும். மைக்கூடு இருந்த மூலையில் ஒரு வட்டக் கறை வேண்டும், அதுவும் முழு வட்டமாக இருக்கக் கூடாது. சாவித் துவாரத்தைச் சுற்றிக் கீறல்கள், துவாரத்தைத் தேடித் தடவிய சாவியின் நுனி போட்டவை, கீழ்ப்பக்கம் அதிகமாகவும் மேற்பக்கம் குறைவாகவும் விழ வேண்டும். கை எட்டாத உள்மூலைகளில் தேய்வு இருக்கவே கூடாது. அழுக்குத்தான் படிந்திருக்க வேண்டும். உப்புத்தாளை எடுத்துப் பெட்டி முழுவதும் ஒரே சீராகத் தேய்க்கிறவர் அதை நாட்படுத்தவில்லை, மெருகைக் கெடுக்கிறார்.

மரத்துக்குக் கருமையேற்ற நான் கடுக்காயைத்தான் நம்புகிறேன். கடுக்காய் ஊறிய நீரை மரத்தில் பூசிக் காயவிட வேண்டும். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் சில நாள் ஊறவைத்து வடித்த நீரை அதன்மேல் தடவினால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் கறுக்கும். கடுக்காயின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் சேர்ந்து உண்டாகும் கருமை அது. பழைய நாளில் எழுதும் மை காய்ச்சியதும் இதே முறையில்தான். எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புச் சுவர்ப் பூச்சில் சேரும் கடுக்காய் இந்த வேலைக்கும் கைகொடுப்பதில் எனக்கு மிகுந்த மனநிறைவு. பித்தளைக்குப் பச்சைக் களிம்பு வேண்டுமானால் உப்புநீரில் நனைத்து, அடியில் வினிகர் ஊற்றிய மூடிய பாத்திரத்துக்குள் தொங்கவிட்டால் போதும். ஆவியே வேலையைச் செய்துவிடும். அந்தக் களிம்பு நஞ்சு. புழங்கும் பாத்திரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது, செய்த கையைக் கழுவாமல் எதையும் தொடக் கூடாது.

தாளை எல்லோரும் தேயிலைச் சாயத்தில் முக்கி எடுக்கிறார்கள். முழுத்தாளும் ஒரே பழுப்பாக வந்துவிடுகிறது. பழைய பேரேட்டைப் பிரித்துப் பாருங்கள். காற்றும் வெளிச்சமும் படும் ஓரம் முதலில் பழுக்கும், நடுப்பக்கம் வெளிறியே இருக்கும். சாயத்தைத் துணியில் தொட்டு ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கவிட வேண்டும். மங்குத் தட்டின் எனாமல் விளிம்பிலும் அடிப்புறத்திலும்தான் சில்லுச் சில்லாகப் பெயரும்; பெயர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் இரும்பு கறுத்துத் துருவேறும். ஆத்தங்குடித் தரைக்கல்லின் உடைந்த ஓரத்தில் நிறம் மேலே மெல்லிய படலமாக மட்டுமே தெரியும், கீழெல்லாம் சாம்பல் நிறச் சிமெண்டுக் கலவை. அந்த ஓரத்துக்கும் சேர்த்து வண்ணம் அடித்துவிட்டால் பார்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, கட்டிய கதைக்கான பெயர். "புனைபூர்வீகம்" என்று ஒருவர் எழுதியதைப் பலர் பாராட்டியிருந்தீர்கள். செட்டிநாட்டில் பூர்வீகம் என்பது பங்காளிகள் பலருக்கும் உரிமையுள்ள வீட்டையும் வழிவழி வந்த சொத்தையும் குறிக்கும் சொல். அதன்முன் புனை என்று சேர்ப்பது இங்குள்ளவர்களை நிச்சயம் உறுத்தும். தேவகோட்டை ஆச்சி அவர்கள் கேட்டிருந்த கேள்வி இதோடு சேர்ந்ததுதான்: "எங்கள் வீட்டுச் சாமானைப் போலச் செய்து கதையும் கட்டிவிட்டால், நாளைக்கு எது நிஜம் என்று யார் சொல்வது?" ஆச்சி, தாங்கள் கேட்டது முற்றிலும் நியாயம். சீர்வரிசைப் பாத்திரம் ஒவ்வொன்றிலும் வீட்டார் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்து வைத்த ஊர் இது. விலாசம் என்று சொல்லும் அந்த முதலெழுத்துகளைப் பார்த்தே இன்ன வீட்டுச் சாமான் என்று சொல்லிவிடுவார்கள். அந்த எழுத்துகளை எடுத்து நான் செய்த பொருளில் பொறித்தால் அது இன்னொரு குடும்பத்தின் வரலாற்றில் கைவைப்பதாகும். எனவே இரண்டு சொற்களை எதிரெதிரே நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். ஒரு பொருள் மெய்யாக யார் யார் கைக்குப் போய் வந்தது என்பது "வந்தவழி". நாம் கட்டியது "முன்கதை". தொடர்கதை படித்த எவருக்கும் முன்கதை என்பதை விளக்க வேண்டியதில்லை. வந்தவழிக்குச் சான்று கேட்கலாம். முன்கதைக்குக் கேட்க முடியாது.

சான்று கேட்க முடியாது என்பதால் முன்கதையில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிடாது. என் கணக்குப்பெட்டிக்கு உரியவராக நான் கற்பனை செய்தவர் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு அடுத்த நிலைப் பணியாளராக, இருந்தவர். மூன்றாண்டுப் பணிக்காலக் கணக்கு முடியும் மட்டும் ஐராவதி ஆற்றங்கரையில் பெயர் தெரியாத எலும்பும் விதையும் கூழாங்கல்லும் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் சீட்டுக் கட்டிப் பெட்டிக்குள் போட்டவர். அவர் ஊர் திரும்பியது 1930-இல் என்று வைத்தால் சீட்டில் பிரமோதூத வருஷம் என்று இருக்க வேண்டும், வருஷம் என்பதைக்கூட ௵ என்ற குறியால் எழுதியிருக்க வேண்டும். எண்கள் ௧, ௨, ௩ என்று வர வேண்டும். விலை எழுதினால் அணாவில்தான்; நயா பைசா வந்தது 1957-இல். ணை, லை, னை ஆகியவை 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய சுருள் வடிவத்தில் இருக்க வேண்டும். அதனால் கணினியில் அச்சிட்டு ஒட்டுவது சரிவராது, கையால்தான் எழுத வேண்டும். தபால்தலை ஒட்டினால் வெறும் இந்தியத் தலை. பர்மா என்று மேலச்சுப் பெற்ற தலைகள், பர்மா தனியாகப் பிரிந்த 1937-இல்தான் வந்தன. கீலில் கூட்டல்குறித் தலை வைத்த திருகாணி இருக்கக் கூடாது. ஃபிலிப்ஸ் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றது 1936-இல். இத்தனையும் சரியாக இருந்தால்தான் அந்த அடுத்தாள் உயிரோடு எழுந்து உட்காருகிறார்.

சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத வயதுள்ள கலைப்பொருளும், கையெழுத்துப் படியானால் 75 ஆண்டு கடந்ததும் தொல்பொருள் ஆகலாம். நாம் ஆக்கும் சொல்லில் "தொல்" வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். "புனைதொல்பொருள்" காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தொல்பொருள் என்பதற்குச் சட்டத்தில் ஒரு பொருள் நிலைத்துவிட்டது. மெய்யான பழைய ஓலையையோ பத்திரத்தையோ வெட்டி ஒட்டி இந்த வேலையைச் செய்வதும் கூடவே கூடாது. ஆச்சி அவர்களின் கவலைக்கு என்னால் தர முடிகிற விடை, அடிப்பலகையில் சூட்டுக்கோலால் பொறிக்கும் ஒரு வரி: "புனைபழம்பொருள்", அதன்கீழ் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு. தாளில் எழுதினால் கிழித்துவிடலாம், மையானால் அழிந்துவிடும். சொல் பரவலாகிவிட்டால் அந்த ஒரு வரியே வாங்குகிறவருக்குப் போதுமான அறிவிப்பாக இருக்கும்.

இன்னும் பெயர் வைக்காமல் நிற்பது ஒன்று. பசைமேல் வண்ணம் பூசி, அது காயும்போது வாய்க்கால் வாய்க்காலாக விரியவிடும் பூச்சு. "வெடிப்புப் பூச்சு" என்று நான் பட்டறையில் சொல்லி வருகிறேன், ஆனால் சுவர் வெடிப்பையும் அதே சொல்லால்தான் சொல்கிறோம். "விரிசல் பூச்சு" என்பது குறையைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கம் பழைய கதவுகளைச் சீர்செய்யும் ஆசாரிமாரிடம் பழக்கமுள்ளவர்கள், வண்ணம் அப்படி விரிந்து கிடப்பதை அவர்கள் என்னவென்று சொல்கிறார்கள் எனக் கேட்டு இங்கே எழுதினால், அதையே சொற்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து