ஜார்ஜியா வாங்கும் கோப்பைக்கு மதிப்பே இல்லையா?

ஸ்க்ரம்சாமி: நேற்று இங்கே ஒருவர் "இங்கிலாந்து, பிரான்ஸ் போன்ற பெரிய அணிகள் இல்லாத ரக்பி ஐரோப்பா சாம்பியன்ஷிப்பெல்லாம் ஒரு போட்டியா, இரண்டாம் தரம், ஜார்ஜியா நடந்து போய்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வருகிறது" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. 2018 முதல் 2025 வரை வரிசையாக எட்டுக் கோப்பை, சும்மா வருமா? அதே ஜார்ஜியாதான் 2022 ஜூலையில், அந்தப் பெரிய அணிகள் ஆடும் சிக்ஸ் நேஷன்ஸ் போட்டியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் இத்தாலியைத் தன் ஊரான பத்துமிக்கு வரவழைத்து 28-19 என்று அனுப்பி வைத்தது.

நீலச்சட்டை: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். பத்துமி ஆட்டம் சீசன் முடிந்த பிறகு கோடையில் நடந்தது. 2018 ஃபுளோரன்ஸ் 28-17, 2024 ஜெனோவா 20-17, இரண்டும் இத்தாலி ஜெயித்தவை. அவை மட்டும் உங்கள் கண்ணில் படாது.

ஸ்க்ரம்சாமி: சீசன் இத்தாலிக்கு மட்டும்தான் முடிந்ததா? ஜார்ஜியாக்காரர்களில் நிறையப் பேர் பிரான்ஸ் கிளப்புகளில் முதுகு ஒடிய ஸ்க்ரம் (இரு அணியும் கூட்டமாக முட்டித் தள்ளுவது) தள்ளிவிட்டுத்தான் வந்தார்கள். 2015 முதல் 2022 வரை சிக்ஸ் நேஷன்ஸில் 36 ஆட்டம் தொடர்ந்து தோற்ற அணிக்குக் களைப்பாம். பத்துமி 28-19.

ஓரக்கோடு: சண்டைக்கு முன்னால் ஒன்று. இரண்டாம் தரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சிக்ஸ் நேஷன்ஸை நடத்துவது தனி அமைப்பு, இதை நடத்துவது ரக்பி ஐரோப்பா. இங்கிருந்து அங்கே ஏறவும் முடியாது, அங்கிருந்து யாரும் இறங்கவும் மாட்டார்கள். அப்புறம் தரத்தை எதை வைத்து...

நீலச்சட்டை: அதை அப்புறம் பார்க்கலாம். ஜெனோவாவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஸ்க்ரம்சாமி: ஜெனோவா மூன்று புள்ளி, பத்துமி ஒன்பது புள்ளி. கணக்கு வரும் அல்லவா? அதே 2022 நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸை 13-12 என்று அவர்கள் வீட்டிலேயே அடித்தார்களே, அதுவும் கோடையா?

நீலச்சட்டை: 2020இல் இங்கிலாந்திடம் 40-0, வேல்ஸிடம் 18-0. அந்த வருடம் ஜார்ஜியா பக்கம் ஸ்கோர் போர்டு பழுது போல. 2023 உலகக் கோப்பையில் ஒரு வெற்றிகூடக் கிடையாது. போர்த்துக்கலை ஊதித் தள்ளிவிடுவோம் என்று இதே இடத்தில் மார்தட்டினீர்களே, 18-18. அந்தப் போர்த்துக்கல்தான் ஃபிஜியை 24-23 என்று ஜெயித்துக் காட்டியது.

கார்பாத்தியன்: எட்டுக் கோப்பை என்று அளப்பவர் 2017ஐ மட்டும் வசதியாகத் தாண்டிவிட்டார். புக்கரெஸ்டில் ருமேனியா 8-7. அந்த வருடக் கோப்பை எங்களுக்கு, ஜார்ஜியாவும் ருமேனியாவும் மோதும்போது கொடுக்கும் அந்திம் கோப்பையும் எங்களுக்கு.

காளைக்கொம்பு: ருமேனியா ஆள் வாயைத் திறக்கலாமா? 2018 பிரசெல்ஸ் மறந்துவிட்டதா? ஸ்பெயின் தோற்றால் ருமேனியா உலகக் கோப்பைக்குப் போகும் என்ற நிலையில், ஸ்பெயின்-பெல்ஜியம் ஆட்டத்துக்கு ருமேனியா நடுவர். 18-10 என்று எங்களைத் தோற்கடித்தார்கள்.

கார்பாத்தியன்: நடுவரைத் துரத்திப் போனது உங்கள் ஆட்கள். தகுதியில்லாத வீரர்களை ஆடவைத்ததும் நீங்கள்தான். 2022இல் திரும்பவும் அதே தப்பு, 2023 உலகக் கோப்பை இடமும் போச்சு.

காளைக்கொம்பு: 2018இல் ருமேனியாவுக்கும்தானே புள்ளியைப் பிடுங்கினார்கள்? பெல்ஜியத்துக்கும்தான். கடைசியில் ரஷ்யா போனது. பேச வந்துவிட்டார். 2022இல் எங்களைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் போய் உட்கார்ந்தது யாராம்?

ஓரக்கோடு: 2023இலிருந்து எட்டு அணி, இரண்டு பிரிவு, அரையிறுதி என்று மாற்றிவிட்டார்கள். பழைய கோப்பையையும் புதியதையும் ஒரே தட்டில் வைப்பது சரியா?

ஸ்க்ரம்சாமி: எந்தத் தட்டில் வைத்தாலும் கோப்பை திபிலிசிக்குத்தான் போனது. 2023 போர்த்துக்கல் 38-11, 2024 அதே போர்த்துக்கல் 36-10, 2025 ஸ்பெயின் 46-28. இறுதிப் போட்டி ஸ்கோர் இதெல்லாம்.

நீலச்சட்டை: நானும் அதைத்தானே சொன்னேன்! இறுதியிலேயே 27 புள்ளி வித்தியாசம் என்றால் அது போட்டியா, பயிற்சி ஆட்டமா? என் வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள், நன்றி.

ஸ்க்ரம்சாமி: பயிற்சி ஆட்டம் ஆடிப் பழகியவர்களிடமா இத்தாலி பத்துமியில் வாங்கிக் கட்டிக்கொண்டது?

நீலச்சட்டை: ஜூலை.

ஸ்க்ரம்சாமி: 28-19.

கார்பாத்தியன்: 8-7.

காளைக்கொம்பு: அந்த நடுவரைப் பற்றி இன்னும் பதில் வரவில்லை.