இழை: காஸ்ட்-எஃபெக்டிவ்னஸ், தமிழில் எப்படி?

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டை மகளிர் குழுக்களுக்காக மருத்துவக் காப்பீட்டுக் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் ஓர் எடுத்துக்காட்டு வருகிறது: அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2008இல் வருமானம் குறைந்த பெரியவர்களுக்குக் குலுக்கல் போட்டு மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு வாய்ப்பளித்தது. சுமார் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால் ரத்த அழுத்தத்திலோ கொழுப்பிலோ தெளிவான மாற்றம் இல்லை. மனச்சோர்வும் மருத்துவக் கடனும் குறைந்திருந்தன. போட்ட பணத்துக்கு இது தகுமா என்பதற்கு ஒரு சொல் வேண்டும். 'செலவுத்திறன்' சரியா?
– ப., தண்டையார்பேட்டை

செலவுத்திறன் என்றால் செலவழிக்கும் திறமை என்றாகிவிடும். 'செல்' அடியில் பிறந்த செலவுக்குச் சங்கப் பாடல்களில் பயணம் என்றே பொருள். பிரிய மனமின்றித் தலைவன் தயங்குவது செலவழுங்கல். கையை விட்டுக் காசு போவதும் பின்னால் செலவாயிற்று. குறள் 461ஐப் பாருங்கள்: 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும்.' அழிவது, ஆவது, பின்னால் வரும் லாபம் மூன்றையும் எடைபோடச் சொல்கிறது. 'வழிபயன்' என்று வைப்போம்.
– மு., ராயபுரம்

ஐயா, பெயரும் பெயரும் இப்படிச் சேர்ந்தால் பெரும்பாலும் வலி மிகும். வழிப்போக்கன் போல 'வழிப்பயன்' என்றல்லவா வரவேண்டும்?
– க.

ஒற்று இருக்கட்டும். கொருக்குப்பேட்டைக் கூட்டத்தில் எங்களைக் கேட்பது, "கார்டு இருந்தா ஆபரேஷனுக்கு ஆகும், தினமும் போடுற பிரஷர் மாத்திரைக்கு ஆகுமா?" என்றுதான். முதலமைச்சர் காப்பீடு பெரும்பாலும் உள்நோயாளிச் சிகிச்சைக்கு. மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறது. அவர்களிடம் வழிபயனை விளக்குவதற்குள் கூட்டம் கலைந்துவிடும். 'செலவுக்கேற்ற பயன்' போதும்.
– செ., வியாசர்பாடி

பொருளாதாரத்தில் இரண்டு கணக்கு உண்டு. பயனையும் ரூபாயாக்குவது ஒன்று. நலமான ஆயுள் ஆண்டு ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்று பார்ப்பது இன்னொன்று. கையேடு கேட்பது இரண்டாவது. வெறும் 'பயன்' என்றால் இரண்டும் குழம்பும், 'நலம்' என்று வைத்தால் நகையை அடகு வைக்காமல் தப்பித்தது கணக்கில் வராது. ஓரிகனில் தெளிவாகத் தெரிந்த பலனில் கடன் குறைந்ததும் ஒன்று. அதை விடக்கூடாது.
– தே.

சரி. செ. 'செலவுக்கேற்ற பயன்' என்கிறார். அதையே போடுகிறேன், கடன் குறைந்ததும் பயன்தான் என்று அடிக்குறிப்பில் எழுதுகிறேன்.
– ப.

அது தொடர், சொல்லன்று. அதிலிருந்து பெயரடை எப்படி ஆக்குவீர்கள்? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். க. சொன்ன ஒற்றை மட்டும் ஏற்கிறேன்: வழிப்பயன்.
– மு.