உதவி தேவை: காஸ் உலையில் இரும்பு மங்கலான சிவப்பைத் தாண்டவில்லை

கரூர்_புதியவர்:
வணக்கம். வீட்டுக்குப் பின்னால் உள்ள கொட்டகையில் சிறிய காஸ் உலை ஒன்றைக் கட்டியிருக்கிறேன். இரும்பு டின்னின் உட்புறம் முழுவதும் வெப்பக் காப்புக்கான வெள்ளைப் பஞ்சைச் சுற்றி, மேலே துளையிட்டு பர்னரைச் செருகியிருக்கிறேன். அரை மணி நேரம் எரித்தாலும் லாரிப் பட்டையில் (லாரியின் வில் எஃகுப் பட்டையில்) வெட்டிய துண்டின் நுனி மட்டும் மங்கலாகச் சிவக்கிறது. சம்மட்டியால் அடித்தால் அசைய மறுக்கிறது. ஆனால் டின்னின் வெளிப்புறத்தில் கை வைக்க முடியவில்லை. வெங்காரம் (போராக்ஸ்) தூவிய துண்டை வைத்த இடத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டு குழிந்துவிட்டது. பஞ்சை இன்னும் கூட்டினால் சரியாகுமா? ஆயுத பூசைக்குள் ஓர் அரிவாள் அடித்துவிட வேண்டும் என்பதால் விரைவான பதிலை எதிர்பார்க்கிறேன்.

ஓசூர்_வெல்டர்:
நண்பரே, இந்த விவரங்களை வைத்துக்கொண்டு எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது. டின்னின் விட்டமும் நீளமும் எவ்வளவு, பஞ்சின் தடிமன் எவ்வளவு, பர்னர் குழாய் எத்தனை அங்குலம், ஜெட்டின் (காஸ் சீறி வெளிவரும் நுனியின்) துளை எத்தனை மில்லிமீட்டர், உலையின் இரு முனைகளும் திறந்திருக்கின்றனவா, சுடரின் நிறம் என்ன, காஸ் எந்த அழுத்தத்தில் வருகிறது என்பவற்றை எழுதுங்கள். குறிப்பாக ரெகுலேட்டர் எது என்பதைத் தவறாமல் சொல்லுங்கள்.

சூளைக்காரர்:
நான் மண்பாண்டச் சூளை வேலை செய்பவன். வெளிப்புறம் சுடுகிறது என்ற ஒரு வரியே எனக்குப் போதுமானது, ஏனென்றால் உள்ளே நிற்க வேண்டிய வெப்பம் சுவர் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கிறது என்பதை அது காட்டுகிறது. முதலில் அந்தப் பஞ்சு எது என்று தெரிய வேண்டும். குளிரூட்டும் குழாய்களுக்குச் சுற்றும் கிளாஸ் வுல் இந்த வெப்பத்தில் இளகிச் சுருங்கிவிடும். உலைக்கு வேண்டியது 1,260 டிகிரி தரமுள்ள செராமிக் பிளாங்கெட், அதாவது செராமிக் இழையால் ஆன கனத்த விரிப்பு. அதிலும் கன மீட்டருக்கு 128 கிலோ அடர்த்தி உள்ளதை, 25 மில்லிமீட்டர் தடிமனில் இரண்டு அடுக்காகப் போட வேண்டும். ஓர் அடுக்கின் இணைப்பு மற்ற அடுக்கின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். அந்தப் பஞ்சை நீங்கள் பூச்சு ஏதுமின்றி வெறுமனே விட்டிருப்பதாகத் தெரிகிறது. செராமிக் இழைகளைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. 1,000 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நீண்ட நேரம் இருந்தால் இழையின் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்னும் படிகச் சிலிக்காவாக மாறும். அது புற்றுநோய் உண்டாக்கும் என்றே உறுதி செய்யப்பட்டது. சுடரின் வேகம் அந்தத் தூளைக் கிளப்பி, நீங்கள் குனிந்து பார்க்கும் வாயில் வழியாகவே வெளியே தள்ளும். எனவே என்95 தரத்துக்குக் குறையாத முகக்கவசம் அணிந்து, பழைய பஞ்சின் மேல் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகே அகற்றுங்கள். புதிய பஞ்சின் மேல் கொலாய்டல் சிலிக்காவை (நுண்ணிய சிலிக்கா கலந்த நீர்மத்தை) தெளித்து இறுக்கி, அதன்மேல் உயர் அலுமினா காஸ்டபிளை (தண்ணீரில் குழைத்துப் பூசும், வெப்பம் தாங்கும் சிமெண்ட் கலவையை) 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை பூசுங்கள். உருகிய வெங்காரம் பஞ்சை அரித்துக்கொண்டு உள்ளே இறங்கும். உங்கள் உலையில் குழி விழுந்தது அதனால்தான். தரைப் பகுதியில் மட்டுமாவது அந்தப் பூச்சு கட்டாயம் தேவை.

பழைய_பட்டறை:
மாதம் ஒருவர் இதே கேள்வியுடன் வருகிறார். தம்பி, காணொளி பார்த்து டின்னில் பஞ்சு அடைத்தால் உலை ஆகிவிடாது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் கொல்லுவேலை செய்கிறோம். பஞ்சு என்ற பொருளையே பட்டறைக்குள் விட்டதில்லை. செங்கல்லும் களிமண்ணும் கொண்டு உலை கட்டி, மரக்கரியைப் போட்டு, கையால் சுற்றும் விசிறியில் காற்றூட்டினால் எந்தப் பட்டையும் பத்து நிமிடத்தில் மஞ்சளாகிவிடும். நெருப்பைப் படிக்கக் கற்ற பிறகு காஸுக்கு வரலாம். அதற்கு முன் வருவது பணத்துக்கும் கேடு, உடலுக்கும் கேடு.

கரூர்_புதியவர்:
அனைவருக்கும் நன்றி. 20 லிட்டர் எண்ணெய் டின். விட்டம் 28 செ.மீ., நீளம் 36 செ.மீ. பஞ்சு ஒரே அடுக்கு, ஒரு அங்குலம். செராமிக் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். பர்னர் முக்கால் அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், ஜெட் 0.9 மில்லிமீட்டர். முன்னும் பின்னும் திறந்திருக்கிறது. சில நேரங்களில் சுடர் குழாய்க்குள்ளேயே ‘டப்’ என்ற ஓசையுடன் எரிகிறது. கரி உலை எங்கள் தெருவில் இயலாது. புகை வந்தால் அடுத்த வீட்டார் சண்டைக்கு வருவார்கள்.

ஓசூர்_வெல்டர்:
இப்போது கணக்குப் போட முடிகிறது. 28 செ.மீ. விட்டத்தில் இருபுறமும் இரண்டரை செ.மீ. பஞ்சு போனால் உள்விட்டம் 23 செ.மீ.; 36 செ.மீ. நீளத்துக்கு உள்ளறையின் கொள்ளளவு ஏறக்குறைய 15 லிட்டர். நன்றாகக் காற்றை இழுக்கும் முக்கால் அங்குல பர்னர் ஒன்று ஐந்து, ஐந்தரை லிட்டர் அறையைத்தான் அடிக்கும் சூட்டுக்குக் கொண்டுவரும் என்பது இந்த வேலை செய்பவர்கள் பரவலாகப் பின்பற்றும் அளவு. அதைப் போல மூன்று மடங்கு பெரிய அறையை, இரு வாயையும் திறந்து வைத்துக்கொண்டு, ஒரே பர்னரால் சூடேற்றப் பார்க்கிறீர்கள். சூளைக்காரர் சொன்ன இரண்டு அடுக்கையும் ஒரு செ.மீ. பூச்சையும் போட்டு, இரு முனைகளிலும் 5 செ.மீ. தடிமனில் சுவர் எழுப்பினால், உள்விட்டம் 16, நீளம் 26 என்று வந்து அறை 5 லிட்டரை ஒட்டி அமைந்துவிடும். அதே டின் போதும். புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை.

ஜி.ஐ. குழாயின் முனை சூடாகும் இடத்தில் துத்தநாகப் பூச்சு ஆவியாகும். அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிரும் காய்ச்சலும் வரும் என்பதை வெல்டிங் செய்பவர்கள் அனைவரும் அறிவார்கள். முனைப் பகுதிக்குக் கறுப்புக் குழாயோ ஸ்டெயின்லெஸ் குழாயோ போடுங்கள். முனை அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பூச்சின் மட்டத்திலிருந்து அரை அங்குலம் உள்வாங்கியிருந்தால் கருகாமல் நிற்கும். ரெகுலேட்டர் எது என்பதை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

சிக்கனக்காரர்:
காஸ்டபிளுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸையும் ஆற்று மணலையும் சம அளவில் கலந்து ஊற்றினால் ஒரு நாளில் வேலை முடிந்துவிடும். அலுமினியம் உருக்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

சூளைக்காரர்:
அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அந்த வேலைக்கு உங்கள் கலவை சில காலம் தாங்கியிருக்கலாம். இரும்பு அடிக்கும் உலையின் உட்சுவர் 1,200 டிகிரியை நெருங்கும். அங்கே ஜிப்சம் சிதைந்து கந்தக வாயுவை வெளிவிடும், கலவை வெடித்து உதிரும். தொடக்கநிலையில் உள்ள ஒருவருக்கு இதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய_பட்டறை:
பிளாஸ்டரும் வேண்டாம், பஞ்சும் வேண்டாம். கனமான பயர் பிரிக்கை (தீச்செங்கல்லை) அடுக்கினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கல் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பஞ்சுக்கு அந்தக் குணம் கிடையாது.

சூளைக்காரர்:
ஐயா, பிடித்து வைப்பது வேறு, வெளியேறாமல் தடுப்பது வேறு. கனமான பயர் பிரிக்கின் அடர்த்தி கன மீட்டருக்கு 2,000 கிலோ அளவில் இருக்கும். அத்தனை எடையையும் சூடேற்றி முடித்த பிறகுதான் இரும்புக்கு வெப்பம் மிஞ்சும். வெப்பத்தைக் கடத்துவதிலும் அது பஞ்சைவிடப் பல மடங்கு வேகமானது. நாள் முழுவதும் அணையாமல் எரியும் பெரிய பட்டறைக்கு அது ஏற்றதாக இருக்கலாம். ஞாயிறு மாலையில் இரண்டு மணி நேரம் வேலை செய்பவருக்குப் பாதி காஸ் கல்லைச் சூடாக்குவதிலேயே தீர்ந்துவிடும். செங்கல்தான் வேண்டும் என்றால், தண்ணீரில் போட்டால் மிதக்கும் எடை குறைந்த இன்சுலேஷன் பிரிக் இருக்கிறது. ஆனால் அதுவும் திடீர்ச் சூட்டில் விரியும், வெங்காரத்தில் கரையும்.

பழைய_பட்டறை:
படித்துவிட்டுப் பேசுகிறீர்கள். பஞ்சு சுற்றிய உலையின் தரையில் பத்துக் கிலோ இரும்பை இழுத்து வைத்துப் பாருங்கள். குறடு பட்ட இடமெல்லாம் கிழியும்.

உலோகவியல்_மாணவர்:
இருவர் கூறுவதிலும் பொருள் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுவருக்கும் கூரைக்கும் பஞ்சு, இடிபடும் தரைக்கு மட்டும் மெல்லிய கடினக் கல் என்று பிரித்துக்கொண்டால் இரு குறைகளும் பெரிதும் நீங்கும். கரி உலை நெருப்பின் மையத்தில் இரும்பு உருகும் அளவுக்கு வெப்பம் ஏறும் என்பதையும் புதியவர் அறிந்திருக்க வேண்டும். கவனம் சிதறினால் பட்டையின் நுனி பொறி பறக்க எரிந்துபோகும். காஸ் உலை மெதுவானது என்றாலும் துண்டு முழுவதையும் சீராகச் சூடேற்றும். சூட்டை அறிய ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 770 டிகிரியை ஒட்டி இரும்பு காந்தத்தில் ஒட்டாது போகும். உங்கள் துண்டு அப்போதும் ஒட்டுகிறது என்றால் அடிப்பதற்கான சூட்டுக்கு வெகு தொலைவில் இருக்கிறீர்கள். லாரிப் பட்டையை 1,000 டிகிரியைத் தாண்டிய ஆரஞ்சு நிறத்தில் அடியுங்கள். மங்கலான சிவப்பில் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

கரூர்_புதியவர்:
காந்தத்தில் ஒட்டுகிறது. ரெகுலேட்டர் வீட்டு அடுப்பில் இருந்ததுதான், சிலிண்டரும் வீட்டு சிலிண்டர். சுடர் மஞ்சளாகத் தொங்குகிறது.

ஓசூர்_வெல்டர்:
முதல் பதிலிலேயே கேட்டது இதற்காகத்தான். வீட்டு ரெகுலேட்டர் காஸை 30 மில்லிபார் அளவில்தான் விடும். அந்த அழுத்தத்தில் உங்கள் 0.9 ஜெட் சமையலறையின் பெரிய பர்னர் தரும் வெப்பத்தைத்தான் தரும். நீங்கள் செய்திருக்கும் பர்னர் ஜெட்டிலிருந்து சீறும் காஸின் வேகத்தால் காற்றைத் தானே இழுத்துக்கொள்வது. வேகம் இல்லையென்றால் காற்று போதாமல் சுடர் மஞ்சளாகும், கலவை மெதுவாக நகர்வதால் நெருப்பு குழாய்க்குள் பின்னோக்கி ஓடி அந்த ‘டப்’ ஓசை வரும். அழுத்தமானியுடன் கூடிய, திருகிக் கூட்டிக் குறைக்கும் உயர் அழுத்த ரெகுலேட்டரை வாங்குங்கள். அரைக் கிலோ பிரஷரில் (சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ) உலை உறுமத் தொடங்கும். அப்போது மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ காஸ் செலவாகும். குழாயும் அந்த அழுத்தத்துக்கு உரியதாக இருக்க வேண்டும். அடுப்புக் குழாயை அதில் மாட்டிவிடாதீர்கள்.

வீட்டு சிலிண்டரை வேறு வேலைக்குப் பயன்படுத்துவதை 2000ஆம் ஆண்டின் எல்.பி.ஜி. வழங்கல் ஆணை தடை செய்கிறது. 19 கிலோ வணிக சிலிண்டரைப் பதிவு செய்து வாங்குங்கள். அதை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறும். இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் பூசிக் கசிவு பாருங்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் தரையிலேயே தேங்கும். கொட்டகையின் இரு பக்கமும் தரை மட்டத்திலிருந்தே திறந்திருக்க வேண்டும். எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் இல்லை என்பதால் இதில் எந்தச் சலுகையும் கிடையாது.

சிக்கனக்காரர்:
எல்லோரும் வீட்டு சிலிண்டரைத்தான் பயன்படுத்துகிறார்கள். வணிக சிலிண்டரின் விலையில் ஒருவர் பொழுதுபோக்காகக் கொல்லுவேலை கற்க முடியுமா?

பழைய_பட்டறை:
அதனால்தான் கரி என்றேன்.

உலோகவியல்_மாணவர்:
வீட்டு சிலிண்டரால் விபத்து நேர்ந்தால் காப்பீடும் கைகொடுக்காது. அறையைச் சிறிதாக்கி, வெப்பக் காப்பைச் சரியாகப் போட்டாலே செலவு பெரிதும் குறையும்.

கரூர்_புதியவர்:
ரெகுலேட்டர், குழாய், சிலிண்டர் மூன்றையும் மாற்றினேன். இரண்டாம் அடுக்கு போட்டு, பின்பக்கத்தை அடைத்து, உள்ளே முழுவதும் காஸ்டபிள் பூசியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் பட்டை ஆரஞ்சு ஆகிறது, வளைகிறது. ஆனால் பூச்சில் மயிரிழை விரிசல்கள் தெரிகின்றன, ஓரிடத்தில் சிறு சில்லு பெயர்ந்தது. மறுபடி பூச வேண்டுமா?

சூளைக்காரர்:
மயிரிழை விரிசல் இயல்பானது. சூட்டில் விரிந்தால் மூடிக்கொள்ளும். சில்லு பெயர்ந்தது உள்ளே தண்ணீர் மிஞ்சியிருந்ததால். பூசிய பிறகு ஒரு நாள் ஈரத்துணியால் மூடி வைத்து, பின்னர் சில நாள் நிழலில் உலர்த்தி, முதல் தீயை மிகச் சிறிதாக, விட்டுவிட்டு எரித்திருக்க வேண்டும். நீராவி மெல்ல வெளியேற வழி கிடைக்காதபோது அது பூச்சை உடைத்துக்கொண்டு வரும். பெயர்ந்த இடத்தில் பஞ்சு தெரிகிறது என்றால் அதைச் சரிசெய்யும் வரை பற்ற வைக்காதீர்கள். அந்த இடத்தைத் தண்ணீரால் நன்றாக நனைத்து, ஓரங்களைச் சுரண்டி, தளர்வான கலவையால் அடைத்து, மேலே சொன்ன முறையில் உலர்த்துங்கள். நனைக்காமல் பூசினால் பஞ்சு கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ளும், ஒட்டு நிற்காது.