ஏர்லாக்கில் குமிழி நின்றால் பீரை பாட்டிலில் அடைக்கலாமா?

டொராண்டோ பேஸ்மென்ட்: வீட்டில் பீர் காய்ச்சும் புதியவர் ஒருவர், எப்போது பாட்டிலில் அடைப்பது என்று கேட்டிருந்தார். "ஏர்லாக்கில் குமிழி நின்றால் அடைத்துவிடுங்கள்" என்று நுரைப்பிரியன் பதில் சொல்லியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஏர்லாக் என்பது வாளி மூடியில் வாயுவை வெளியே விடும் சின்னக் குழாய், அதன் குமிழியை நம்பாதீர்கள். பீரின் அடர்த்தியை, அதாவது கிராவிட்டியை, அளக்கும் ஹைட்ராமீட்டரைப் போட்டுப் பாருங்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அந்த எண் இறங்கும். 1.048-ல் ஆரம்பித்த ஏல் வகை பீர் 1.012 பக்கம் வந்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் அதே எண்ணில் நிற்க வேண்டும்.

நுரைப்பிரியன்: வந்துவிட்டார் வாத்தியார்! "இரண்டு வாரம் ஆகி, குமிழியும் நின்ற பிறகு" என்றுதான் எழுதினேன். முன்பாதியை ஏன் விழுங்கினீர்கள்? பல வருஷமாக இப்படித்தான் அடைக்கிறேன், ஒரு பாட்டில் வெடித்ததில்லை. குமிழி நின்றால் ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டது, அவ்வளவுதான்.

டொராண்டோ பேஸ்மென்ட்: முடித்துவிட்டது என்று யார் சொன்னது? வாளி மூடி சரியாக உட்காரவில்லை என்றால் வாயு ஓரமாகவே போய்விடும். உள்ளே நொதித்துக்கொண்டிருக்கும், ஏர்லாக் அசையாது. அறை குளிர்ந்தால் ஈஸ்ட் மந்தமாகி, பாதி வேலையிலேயே குமிழி நிற்கும். எல்லாம் முடிந்த பிறகு அறை சூடானாலோ, கரைந்திருந்த வாயு வெளியேறி மறுபடி குமிழி வரும். இதை வைத்து என்ன முடிவு எடுப்பீர்கள்?

நுரைப்பிரியன்: என் வாளி மூடி இறுக்கமானது. நீங்கள்தான் மூடியைத் திறந்து திறந்து காற்றையும் கிருமியையும் உள்ளே விடுகிறீர்கள். குமிழி நின்றால் நின்றதுதான்.

மெல்பர்ன் தம்பி: அண்ணா, என் ஹைட்ராமீட்டர் உடைந்துவிட்டது. ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறது, அது போதாதா?

டொராண்டோ பேஸ்மென்ட்: தம்பி, ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது கூடுதலாகக் காட்டும், திருத்தக் கணக்கு போட வேண்டும். எண் நகர்கிறதா, நிற்கிறதா என்று பார்க்க மட்டும் உதவும். புது ஹைட்ராமீட்டரே வாங்கிவிடுங்கள். மாதிரியை அடிக்குழாயில் பிடித்தால் மூடியைத் திறக்கவே வேண்டாம், நுரைப்பிரியனுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஹைட்ராமீட்டரை ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் படியுங்கள். தண்டில் வாயு ஒட்டியிருந்தால் அதை மேலே தூக்கி எண்ணைக் கூட்டிக் காட்டும்.

லண்டன் கொதிகலன்: பாட்டில் வெடிப்பதற்குக் காரணம், அடைக்கும்போது நுரைக்காகப் போடும் சர்க்கரை ஐயா! லிட்டருக்கு 6, 7 கிராம் போட்டால் ஒன்றும் ஆகாது. போன வருஷம் இதே பேஸ்மென்ட்காரர்தான் பாட்டிலுக்கு ஒரு டீஸ்பூன் என்று எனக்குச் சொன்னார். ஒரு பாட்டில் சப்பென்று இருந்தது, அடுத்தது திறந்தவுடன் பாதி தரையில். அந்த ஆள் இன்று பாடம் எடுக்கிறார்.

டொராண்டோ பேஸ்மென்ட்: அரை லிட்டர் பாட்டிலுக்குத் தட்டையாக ஒரு டீஸ்பூன் என்றேன். நீங்கள் குவித்துப் போட்டதற்கு நான் என்ன செய்ய? சரி, கணக்குக்கு வாருங்கள். கிராவிட்டியில் 0.001 இறங்கினால் சுமார் அரை வால்யூம் வாயு (ஒரு லிட்டர் பீரில் ஒரு லிட்டர் வாயு கரைந்திருந்தால் அது ஒரு வால்யூம்). 1.016-ல் அடைத்த பீர் பாட்டிலுக்குள் 1.010-க்கு இறங்கினால் 3 வால்யூம். பாட்டில் பீரில் வழக்கமாக இருக்கும் 2.4-ஐயும் சேர்த்தால் 5-ஐத் தாண்டும். சாதாரண பீர் பாட்டிலை அந்த அழுத்தத்துக்காகச் செய்வதில்லை. கண்ணாடித் துண்டு முகத்தில் பாயும், விளையாட்டில்லை.

மெல்பர்ன் தம்பி: சைசான் என்கிற பெல்ஜிய வகை பீருக்கான ஈஸ்ட் நடுவில் நின்று மறுபடி கிளம்பும் என்கிறார்களே?

டொராண்டோ பேஸ்மென்ட்: சில வகை அப்படித்தான். குமிழியை நம்புகிறவர் அங்கே கட்டாயம் ஏமாறுவார்.

நுரைப்பிரியன்: நான் சைசான் காய்ச்சுவதே இல்லை. திரும்பவும் சொல்கிறேன், என் மூடி இறுக்கம், என் பாட்டில் வெடித்ததில்லை.

டொராண்டோ பேஸ்மென்ட்: மூடி இருக்கட்டும். கடைசியாக அடைத்தபோது கிராவிட்டி எவ்வளவு? அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள்.

நுரைப்பிரியன்: உங்களுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

லண்டன் கொதிகலன்: அவரிடம் அப்புறம் கேட்கலாம். நான் குவித்துப் போட்டேன் என்று உங்களுக்கு யார் சொன்னது?