புதுப்பிப்பு: ஸ்ட்ரெயின் கேஜ் 3 சதவீதம் குறைத்துக் காட்டியதற்குக் காரணம் கிடைத்தது

அலுமினிய மாதிரியில் ஒட்டிய 120 ஓம் ஸ்ட்ரெயின் கேஜ் (பொருள் எவ்வளவு நீளுகிறது என்பதைத் தன் மின்தடை மாற்றத்தால் காட்டும் மெல்லிய உணரி), நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீட்டரைவிட 3 சதவீதம் குறைவாகக் காட்டுகிறது, ஃபட்டீக் சோதனையை (திரும்பத் திரும்பச் சுமை ஏற்றி எப்போது உடைகிறது என்று பார்ப்பது) தொடங்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். நல்லவேளை, தொடங்கவில்லை. கோளாறு பசையில் இல்லை, வயரில். தெரிந்த அளவு நீட்சியைப் போலியாக உண்டாக்க 59.88 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கேஜ் முனையிலேயே இணையாக வைத்துப் பார்த்தால் 1000 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 1000 பங்கு) வர வேண்டிய இடத்தில் 968தான் வந்தது. முன்பு வயரின் மறுமுனையில், சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர் பக்கம் வைத்தபோது 1000-ஐத் தாண்டியதால்தான் அவ்வளவு குழப்பம். 15 மீட்டர் மெல்லிய வயர், போக வர 4 ஓம், அத்தனையும் கேஜோடு சேர்ந்துகொள்கிறது, அதனால்தான் அளவு குறைகிறது. ஒரு வயரின் தடை மட்டுமே கேஜோடு சேரும்படி மூன்று வயராக மாற்றியதும் 984, அப்புறம் ஆம்ப்ளிஃபயரில் கேஜ் ஃபேக்டரை (மின்தடை மாற்றத்தை நீட்சியாக மாற்றும் எண்) 2.00-இலிருந்து 1.967 ஆக்கியதும் சரியாக 1000. பொருளின் ஆயுள், தகைவின் (பரப்பின் மீதான விசை) பத்தாம் அடுக்குக்குத் தலைகீழாக மாறுமென்றால் இந்த 3 சதவீதமே ஆயுளில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும், அதனால் தயவுசெய்து கேஜ் முனையில் வைத்தே சோதியுங்கள். நாளைக் காலை முதல் மாதிரி ஏறுகிறது.